பக்கத் தையலைப் பிடித்தால் போதாது: ஒரு பேன்ட் பேட்டர்னின் மதிப்பீடு

தொப்புளுக்குச் சற்றுக் கீழே இடுப்புப் பட்டை அமரும்படியும், கால்கள் நேராக இறங்கும்படியும் வரையப்பட்ட பெண்களுக்கான பேன்ட் பேட்டர்ன் (துணியை வெட்டுவதற்கான காகித வடிவம்) ஒன்றை, ஐரோப்பாவிலிருந்து இயங்கும் ஒரு சிறு நிறுவனத்திடம் சென்ற ஆண்டு இணையவழியாக, அச்சிட்டுக்கொள்ளும் கோப்பாக வாங்கினேன். விலை ஏறத்தாழ 1,100 ரூபாய். நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். ஏனெனில் இங்கே நான் கூறப்போகும் குறைகளில் பெரும்பாலானவை இவ்வகைப் பேட்டர்ன்கள் பலவற்றுக்கும் பொதுவானவை. பிரித்தவுடன் வெட்டித் தைத்துவிடலாம் என்று எண்ணி வாங்குபவருக்கு இது ஏமாற்றத்தையே தரும். காகிதத்திலேயே திருத்தி, தன் உடலுக்கென ஒரு நிலையான வடிவத்தை எடுத்துக்கொள்ள விரும்புபவருக்குக் கொடுத்த விலைக்கு மேலான பயன் உண்டு.

நான் இதை நாடியதற்குக் காரணம் எளியது. கடையில் வாங்கும் பேன்ட்டுகளில் இடுப்பு சரியாக இருந்தால் உட்காரும்போது பின்புறம் கீழே இறங்கும்; பின்புறம் சரியாக இருந்தால் தொடையில் துணி தொங்கும். தையற்கடையில் கொடுத்தால் பக்கத் தையலைப் பிடித்தோ பிரித்தோ தருவார்கள். அது அகலத்தை மட்டுமே மாற்றும். பேன்ட்டின் பொருத்தத்தைத் தீர்மானிப்பதோ முன்நடுவிலிருந்து கால்களுக்கிடையே சென்று பின்நடுவில் ஏறும் கவட்டை வளைவு. துணியை வெட்டிய பிறகு அதில் செய்யக்கூடியது மிகச் சிறிதே. சல்வாருக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் இருக்கும் ஏராளமான துணி, வளைவின் பிழைகளையெல்லாம் சுருக்கத்துக்குள் மறைத்துவிடுகிறது.

கோப்பில் ஏ4 தாள்களுக்கான பக்கங்களும், கட்டட வரைபடங்களை அச்சிடும் கடைகளில் எடுக்கத்தக்க ஏ0 தாளுக்கான பக்கமும் இருந்தன. ஏ4 தாள்களை ஒட்டி மாளாது என்று ஏ0 தாளிலேயே எடுக்கச் சொன்னேன். முதற்பக்கத்தில் 10 செ.மீ. சதுரம் ஒன்று சோதனைக்காகக் கொடுக்கப்பட்டிருந்தது. அச்சாகி வந்ததை அளந்தபோது 9.7 செ.மீ. மட்டுமே இருந்தது. கடைக்காரர் தாளுக்குள் அடங்கும்படி சுருக்கிவிட்டிருந்தார். மூன்று மில்லிமீட்டர்தானே என்று விடக்கூடாத இடம் இது. தைத்து முடித்த பேன்ட்டின் சீட் அளவு, அதாவது பின்புறம் மிகப் பருத்திருக்கும் இடத்தின் சுற்றளவு, 106 செ.மீ. என்று அட்டவணை சொல்கிறது. 3 விழுக்காடு சுருங்கினால் அது ஏறத்தாழ 102.8 ஆகிவிடும். என் உடலின் சீட் அளவு 102. உட்காரவும் குனியவும் வேண்டிய 4 செ.மீ. லூஸில் பெரும்பகுதி அச்சுக்கடையிலேயே தொலைந்திருக்கும். உண்மை அளவிலேயே அச்சிடச் சொல்லி மறுபடி எடுத்தேன்.

அளவைத் தேர்ந்தெடுப்பதில் இந்தப் பேட்டர்னின் கையேடு நேர்மையாகப் பேசுகிறது. என் இடுப்பு 84 செ.மீ.; அட்டவணைப்படி 7ஆம் அளவு. சீட் அளவோ 6. பேன்ட்டுக்குச் சீட் அளவையே முதன்மையாகக் கொள்ளவேண்டும், இடுப்பை அதிலிருந்து கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம் என்று கையேடு சொல்வது சரியான அறிவுரை. 6ஆம் அளவின் சீட் கோட்டிலிருந்து 7ஆம் அளவின் இடுப்புக்கு வளைகோலால் ஒரு கோடு இழுத்ததோடு அந்த வேலை முடிந்தது. 1863இல் அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் அளவுவாரியாகக் காகிதப் பேட்டர்ன்களை விற்கத் தொடங்கிய காலந்தொட்டு எல்லா அட்டவணைகளும் ஒரு கற்பனையான நடுத்தர உடலுக்கே வரையப்படுகின்றன. அந்த உடலில் இடுப்பும் சீட்டும் எப்போதும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன.

மாதிரி தைப்பதற்குக் காடாத் துணியைப் பயன்படுத்தினேன். கஞ்சி போக அலசி, இஸ்திரி போட்ட பிறகே வெட்டவேண்டும். இல்லாவிட்டால் விறைப்பினால் தோன்றும் மடிப்புகளைப் பொருத்தக் குறைகள் என்று எண்ணித் திருத்தத் தொடங்கிவிடுவோம். மாதிரியில் சீட் கோட்டையும், கவட்டைக் கோட்டையும், முட்டிக் கோட்டையும், காலின் நடுவே இறங்கும் இழைக் கோட்டையும் பேனாவால் வரைந்துகொண்டேன். அணிந்து பார்த்தபோது முன்புறத்தில் கவட்டையிலிருந்து இருபக்கமும் மேல்நோக்கி விரியும் இழுப்புக் கோடுகள் தெரிந்தன. பின்புறத்தில் சீட் கோடு நடுவில் கீழே வளைந்திருந்தது. நாற்காலியில் அமர்ந்ததும் பின்இடுப்பு நான்கு விரற்கடை இறங்கிற்று.

கையேட்டில் இத்தகைய இழுப்புக் கோடுகளின் படங்கள் தெளிவாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மருந்தும் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் இரண்டு மூன்று குறைகள் சேர்ந்து வரும்போது எதை முதலில் திருத்துவது என்ற ஒழுங்கு எங்கும் இல்லை. இதுவே இந்தப் பேட்டர்னின் பெரிய குறை என்று கருதுகிறேன். கவட்டை இறுக்குகிறது என்றவுடன், முன்பின் இரண்டு பாகங்களையும் குறுக்கே வெட்டி ஒரே சீராக நீட்டிவிடுவது பலரும் செய்யும் தவறு. அதனால் கவட்டை கீழே தொங்குமே தவிர இறுக்கம் தீராது. காலைத் தூக்கிப் படியேறும்போது முழுப் பேன்ட்டும் கூடவே ஏறும். ஆகவே முதலில் ஆழத்தைப் பார்த்தேன். சமமான மர நாற்காலியில் அமர்ந்து, பக்கவாட்டில் இடுப்பிலிருந்து பலகை வரை அளந்தால் அதுவே கவட்டை ஆழம். அதனுடன் ஒன்றரை செ.மீ. சேர்த்துப் பேட்டர்னோடு ஒப்பிட்டேன். ஆழம் சரியாகவே இருந்தது. அப்படியானால் குறை சுற்று நீளத்தில்தான் இருக்கவேண்டும்.

முன்இடுப்பிலிருந்து கால்களுக்கிடையே சென்று பின்இடுப்பு வரை அளந்ததில் 74 செ.மீ. வந்தது. இந்தக் கூட்டுத் தொகை மட்டும் போதாது. அதில் முன்பங்கு எவ்வளவு, பின்பங்கு எவ்வளவு என்று தெரியவேண்டும். டேப்பில் ஒரு சிறு நட்டைக் கோத்து, அது இயல்பாகத் தொங்கி நிற்கும் இடத்தை உள்கால் தையலின் இடமாகக் கொண்டேன். முன்புறம் 32, பின்புறம் 42 என்று பிரிந்தது. பேட்டர்னிலோ தையல் கோட்டின் மீது அளந்தபோது முன்புறம் 31, பின்புறம் 38.5. மொத்தம் 69.5. பின்பாகத்தில் மட்டும் மூன்றரை செ.மீ. பற்றாக்குறை! பக்கத் தையலை எவ்வளவு பிரித்தாலும் இந்தப் பற்றாக்குறை தீராது என்பது எண்களைப் பார்த்தாலே விளங்கும்.

தையல் கோட்டின் மீது அளப்பது என்று சொன்னேன். இந்தப் பேட்டர்னில் தையலுக்கு விடும் 1 செ.மீ. சேர்த்தே வரையப்பட்டிருப்பதால், கவட்டை வளைவின் உள்ளே தையல் கோட்டை நாமே குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஜெர்மனியில் 1950 முதல் வெளிவரும் பர்தா (Burda) என்ற தையல் இதழின் பேட்டர்ன் தாள்கள் தையலுக்கான துணியைச் சேர்க்காமல் வரையப்பட்டவை. அவற்றில் பின்னிக்கிடக்கும் கோடுகளைப் பிரித்தறிவதற்குக் கண் வலிக்கும் என்றாலும், திருத்துபவருக்கு அதுவே வசதி. மேலும் 1 செ.மீ. என்பது பேன்ட்டுக்குக் கஞ்சத்தனமான அளவு. நம் ஊரில் ஆண்களுக்குப் பேன்ட் தைப்பவர்கள் பின் நடுத் தையலில் தாராளமாக மார்ஜின் விடுவது ஏன் என்பதை இரண்டு கிலோ எடை கூடியவர்கள் அறிவார்கள். நான் பின் நடுவில் 2.5 செ.மீ., உள்கால் தையலில் 2 செ.மீ. என்று மாற்றிக்கொண்டேன்.

பற்றாக்குறையை இரண்டாகப் பிரித்துத் தீர்த்தேன். பின்பாகத்தில் சீட் கோட்டின் மீது பின் நடுவிலிருந்து பக்கத் தையல் வரை வெட்டி, பக்கத் தையலில் நூலிழை அளவுக்கு ஒட்டவைத்து, பின் நடுவில் 2 செ.மீ. திறந்தேன். இவ்வாறு திறக்கும்போது பின் நடுத் தையலின் சாய்வு கூடும். பக்கத் தையலில் ஒரு சிறு முறிவு விழும். அவற்றை வளைகோலால் சீராக்கவேண்டும் என்று கையேடு நினைவூட்டுவது பாராட்டத்தக்கது. மீதி 1.5 செ.மீ. அளவைக் கவட்டை முனையில் நீட்டி, அங்கிருந்து முட்டிக் கோடு வரை படிப்படியாகக் குறைத்து வந்தேன். முழுவதையும் முனையிலேயே நீட்டியிருந்தால் தொடையின் உட்புறத்தில் துணி திரண்டிருக்கும். முழுவதையும் சீட் கோட்டிலேயே திறந்திருந்தால் நிற்கும்போது பின்புறம் பையாகியிருக்கும். முன்பாகத்தில் வயிற்றுக்காக அதே முறையில் 1 செ.மீ. திறந்தேன்.

இந்த இடத்தில்தான் பேட்டர்ன் என்னைக் கைவிட்டது. முன்பாகத்தைத் திறந்தால் ஜிப் பட்டையும் அதே 1 செ.மீ. நீளவேண்டும், சாய்வுப் பையின் உட்துணி அந்த வெட்டுக்கோட்டைக் கடப்பதால் அதையும் சிறிது திறக்கவேண்டும். கையேட்டில் இது பற்றி ஒரு வரியும் இல்லை. அந்தச் சிறு துண்டுகளில் நீட்டிக்கும் கோடுகளும் வரையப்படவில்லை. முதல் நல்ல துணியில் ஜிப் பட்டை குறைவாக வந்ததால் மறுபடியும் வெட்டவேண்டியதாயிற்று. விலை கொடுத்து வாங்கும் பேட்டர்னில் இத்தகைய விடுபடல் மன்னிக்கத்தக்கது அன்று.

இரண்டாவது மாதிரியில் இழுப்புக் கோடுகள் மறைந்தன. சீட் கோடு தரைக்கு இணையாக நின்றது. ஆனால் பின்புறத்தில் சீட்டுக்குக் கீழே குறுக்கு மடிப்புகள் இரண்டு விழுந்தன. பின்பாகத்தின் உள்கால் தையலை முன்பாகத்தினதைவிட 1 செ.மீ. குறைத்து, தைக்கும்முன் இஸ்திரிப் பெட்டியின் ஆவியால் அதை இழுத்து நீட்டி இணைத்தபோது ஒரு மடிப்பு போயிற்று. மற்றொன்றை விட்டுவிட்டேன். நிற்கும்போது துடைத்துவைத்தாற்போலத் தெரியும் பேன்ட்டில் உட்கார முடியாது; புகைப்படத்துக்காகத் தைப்பவர்களுக்கு மட்டுமே அந்த மடிப்பு பகை.

காட்டன் ட்ரில் துணியில் தைத்த முதல் பேன்ட்டை இப்போது ஆறு மாதமாக அணிகிறேன். தரையில் சம்மணமிட்டு அமர்ந்தாலும் பின்இடுப்பு இறங்குவதில்லை. லைக்ரா கலந்த துணிக்கு இதே அளவுகள் பொருந்தா. அதற்குச் சீட்டின் லூஸைக் குறைக்கவேண்டும். காலின் அகலத்தையும் நீளத்தையும் மாற்றுவது எளிது. கையேட்டின் இரண்டு பக்கங்களே அதற்குப் போதும். தையல் இயந்திரத்தில் நேர்த்தையல் மட்டுமே பழகியவர்கள் இதைத் தொடவேண்டாம். ஒரு முறையாவது ஜிப் வைத்துத் தைத்தவர்கள், இரண்டு மாதிரிகளுக்கு வேண்டிய காடாத் துணியையும் சேர்த்துக் கணக்கிட்டு வாங்கலாம்.

திருத்திய பாகங்களைத் தடித்த காக்கி அட்டையில் எடுத்துவைத்து, ஒவ்வொன்றிலும் தேதியையும் என் அன்றைய அளவுகளையும் எழுதியிருக்கிறேன். ஜிப் பட்டையை மட்டும் ஒவ்வொரு முறையும் முன்பாகத்தின் மீது வைத்துப் பார்த்த பிறகே வெட்டுகிறேன்.