சேலத்தில் வீட்டுத் தோட்டம் அமைக்கவிருப்போர் கவனத்திற்கு: வண்ணப் படத்தை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்

சேலம் செட்டிச்சாவடிப் பக்கம் உள்ள எங்கள் வீட்டைச் சுற்றி எட்டு சென்ட் இடத்தில் தோட்டம் அமைத்துத் தருவதாக ஒப்புக்கொண்ட ஒருவர், வடிவமைப்புக் கட்டணமாக 60,000 ரூபாயும், செடி, மண், புல், கூலி என்று மேலும் 3,80,000 ரூபாயும் பெற்றுக்கொண்டு, ஒரு கோடையைக்கூடத் தாங்காத தோட்டத்தை விட்டுச் சென்றிருக்கிறார். தம்மை லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட், அதாவது நிலத்தோற்ற வடிவமைப்பாளர், என்று சொல்லிக்கொள்பவர் அவர். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை. அவர் வேலை பிடித்த முறையை மட்டும் விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் அதே முறையில் வேறு சிலரும் இங்கே புது வீட்டுக்காரர்களை அணுகுகிறார்கள்.

முதலில் அவர் காட்டியது கணினியில் செய்த முப்பரிமாணப் படம். ஏற்காட்டில் இருக்கும் பழைய பங்களாவின் முற்றத்தைப் போல, கல் பாவிய நடைபாதை, இருபுறமும் கொத்துக்கொத்தாக ஹைட்ரேஞ்சியா, அசேலியா பூச்செடிகள், நடுவில் சரிவான புல்தரை என்று அழகாகவே இருந்தது. ஆனால் அந்தப் படத்தை வரைவதற்கு முன் மண்ணை ஒரு கைப்பிடிகூட அவர் எடுத்துப் பார்க்கவில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பரிசோதிக்கவில்லை. இடத்தின் மேடு பள்ளத்தை அளக்கவும் இல்லை. கைபேசியில் நான்கைந்து படங்கள் எடுத்துக்கொண்டதோடு அவருடைய கள ஆய்வு முடிந்தது.

எங்கள் பகுதியில் வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட் பூமிக்கடியில் நரம்பு நரம்பாக ஓடுகிறது என்பதும், அதைத் தோண்டிய சுரங்கங்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன என்பதும் சேலத்தில் யாருக்கும் தெரிந்த செய்தி. இத்தகைய மண்ணில் மக்னீசியம் மிகுந்து, அதற்கு ஈடாகக் கால்சியம் இல்லாமல், காரத்தன்மையும் ஏறியிருக்கும். இரும்புச்சத்து மண்ணில் இருந்தாலும் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. அசேலியாவோ அமில மண்ணையும் குளிர்ந்த காற்றையும் வேண்டுகிற செடி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில், காப்பித் தோட்டத்து நிழலில் செழிப்பதை, சுமார் 300 மீட்டரே உள்ள அடிவாரத்தில், மேற்கு வெயில் நேராக விழும் சுவரோரம் நட்டார். நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இலைகள் மஞ்சளித்தன; சித்திரை பிறப்பதற்குள் எல்லாம் கருகிவிட்டன. பக்கத்து வீட்டில் களை எடுக்க வந்த பெரியவர் பார்த்தவுடனே, "இது மலைச் செடிங்க, கீழ நிக்காதுங்க" என்றார். பிறகு சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணைக் கொடுத்துப் பார்த்ததில் கார அமில நிலை 8.4 என்று வந்தது; 7ஐத் தாண்டினாலே அது கார மண். அந்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவு, அவர் வாங்கிய கட்டணத்தோடு ஒப்பிட்டால் சொல்லத்தக்கதே அல்ல.

புல்தரையின் கதை இன்னும் மோசம். சரிவு வேண்டும் என்பதற்காக டிப்பர் டிப்பராக மண் கொட்டி மேடாக்கினார். அந்தச் சரிவு வீட்டை நோக்கி இறங்கியது. ஐப்பசி மழையில் தண்ணீர் அடித்தளத்தை ஒட்டித் தேங்கி, உள்சுவரில் ஓதம் ஏறிவிட்டது. தோண்டிப் பார்த்தபோது மேலே அரையடிதான் செம்மண்; அடியில் இருந்தவை செங்கல் துண்டும் சிமெண்ட் கட்டியும். பட்டியலில் அத்தனையும் செம்மண் லோடு என்றே எழுதியிருந்தது.

விலையும் அப்படித்தான். செடிகளை இறக்கிய வண்டி ஓட்டுநர் தவறுதலாக விட்டுச் சென்ற நர்சரிச் சீட்டில் இருந்த தொகை, எங்களிடம் வசூலித்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வரைபவரே செடியும் விற்கும்போது, நிலத்துக்கு எது பொருந்தும் என்பதைவிட எதில் லாபம் அதிகம் என்பதே தோட்டத்தைத் தீர்மானிக்கிறது. மறைப்புக்காக மதிலோரம் அவர் வரிசையாக நட்ட கோனோகார்பஸ், வேர் குழாய்களுக்குள் புகுந்துவிடும் என்பதற்காகவே பலரும் அஞ்சும் மரம். குஜராத் அரசு 2023இல் அதைத் தடை செய்தது. கேட்டால், சீக்கிரம் வளரும் சார் என்று பதில் வருகிறது.

இன்னொன்று பலருக்குத் தெரிந்திருக்காது. 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்டுகள் சட்டப்படி, பதிவு செய்யாதவர் ஆர்க்கிடெக்ட் என்று பெயர்ப் பலகை வைக்க முடியாது. ஆனால் அதே சட்டத்தின் 37ஆம் பிரிவு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்ற பெயருக்கு விலக்கு அளிக்கிறது. ஆகவே யார் வேண்டுமானாலும் அப்படி அச்சடித்துக்கொள்ளலாம். முறையாக ஐந்தாண்டு கட்டடக்கலைப் பட்டமும் அதன் மேல் இரண்டாண்டு நிலத்தோற்ற வடிவமைப்புப் பட்டமும் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஐசோலா என்ற அகில இந்தியச் சங்கமும் உண்டு. பட்டம் எங்கே பெற்றது, எந்த ஆண்டு, உறுப்பினர் எண் உண்டா என்று கேட்பது அவமரியாதை ஆகாது. கேட்டவுடன் முகம் மாறுகிறவருக்கு வேலை கொடுக்க வேண்டியதில்லை. மண், நீர்ப் பரிசோதனை அறிக்கையும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று மட்டங்களைக் குறித்த வரைபடமும், ஒவ்வொரு செடியின் பெயரும் உயரமும் எண்ணிக்கையும் எழுதிய பட்டியலும் கைக்கு வந்த பிறகே வடிவமைப்புக் கட்டணத்தின் பெரும்பகுதியைக் கொடுங்கள். செடி வாங்கும் பில் நேரடியாக உங்கள் பெயரில் இருக்கட்டும். ஜி.எஸ்.டி. வேண்டாம், ரொக்கமாகக் கொடுத்தால் 18 சதவீதம் மிச்சம் என்று எங்களிடமும் சொன்னார். வங்கி வழியாகவே செலுத்தியதால்தான் இன்று கையில் சான்று இருக்கிறது.

ஏமாந்தவர்கள் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற தொலைபேசி எண்ணில் வழிகாட்டுதல் கிடைக்கும். எங்கள் நோட்டீஸ் போய்ச் சேர்ந்த பிறகு, செடிகளை மாற்றித் தருகிறேன், புகாரைத் திரும்பப் பெறுங்கள் என்று அவர் ஆள் அனுப்பினார். அதே மண்ணில் அதே செடிகளை மறுபடியும் நடுவதில் பயனில்லை என்று எழுத்திலேயே பதில் கொடுத்துவிட்டோம். ஆணையத்தின் சார்பில் ஒருவர் நேரில் வந்து பார்வையிட வேண்டும் என்று மனு செய்திருக்கிறோம். அதுவரை கருகிய செடிகளையும் அந்த மண்மேட்டையும் தொடாமல் வைத்திருக்கிறோம்.