பொரிக்கத் திணறும் குஞ்சு: பொறுப்பதா, ஈரம் கொடுப்பதா, ஓட்டை உரிப்பதா?

முட்டையைச் சூட்டில் வைத்துப் பொரிக்கும் இன்குபேட்டர் பெட்டியில் 21-ஆம் நாள் ஒரு கோழி முட்டை மட்டும் விரிசலோடு நின்றுவிட்டால், வீட்டுக்குள் மூன்று கட்சி கிளம்பிவிடும். தானாக வராதது பிழைக்காது, விட்டுவிடு என்பது ஒன்று. ஓட்டுக்கு உள்ளே இருக்கும் சவ்வை நனைத்துக் கொடுத்தால் போதும் என்பது இன்னொன்று. உள்ளே கத்துகிறதே, உரித்து எடுத்துவிடலாம் என்பது மூன்றாவது. பிள்ளைகள் உள்ள வீட்டில் இதற்குத்தான் ஆதரவு அதிகம். பெங்களூரில் பொரிக்க வைப்பவர்களுக்கு நான் சொல்வது, முதலில் பொறுங்கள், அடுத்து ஈரம், உரிப்பது கடைசி. எப்போது ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போவது என்பதைக் கடிகாரம் மட்டும் சொல்லாது. சவ்வையும் பார்க்க வேண்டும்.

பொறுக்கச் சொல்வதற்குக் காரணம் ஓட்டுக்குள் நடக்கும் வேலை. குஞ்சு முதலில் உள்சவ்வைக் கிழித்து, அகன்ற முனையில் இருக்கும் காற்றறைக்குள் அலகை நீட்டி மூச்சுவிடத் தொடங்குகிறது. அப்புறம்தான் ஓட்டைக் கொத்துகிறது. முதல் விரிசலுக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரம் வரை பெரிய அசைவே தெரியாது. அந்த நேரத்தில் சவ்வில் ஓடும் ரத்தம் உடலுக்குள் திரும்புகிறது, மிச்ச மஞ்சள் கரு கொப்பூழ் வழியாக வயிற்றுக்குள் போகிறது. இது முடிவதற்குள் இழுத்தால் ரத்தம் வடிந்தோ, மூடாத கொப்பூழில் கிருமி ஏறியோ குஞ்சு போய்விடும். விரிசல் வழியே பாருங்கள்: எதையோ மெல்வது போல அலகைத் திறந்து திறந்து மூடினால், உள்வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. தொடாதீர்கள். தவிர, மூடியைத் திறந்ததும் ஈரம் வெளியேறிவிடும். ஒன்றைக் காப்பாற்றப் போய், பக்கத்தில் விரிசல் விட்டிருக்கும் மற்ற முட்டைகளின் சவ்வைக் காயவிட்டுவிடுவோம்.

ஆனால் வெறும் பொறுமை இந்த ஊரில் எல்லா மாதமும் பலிக்காது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மாசி, பங்குனியில் காற்று காய்ந்து கிடக்கும். சென்னையில் இருக்கும் அத்தை பெட்டிக்குள் ஈரத்துக்காக வைக்கச் சொன்ன தண்ணீர் அளவு அந்தக் கடலோரக் காற்றுக்குச் சரி. அல்சூரிலோ விவேக்நகரிலோ மொட்டைமாடி அறையில் வைத்த பெட்டிக்கு அது போதாது. கடைசி மூன்று நாளில் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் சவ்வு காகிதம் போல வெளுத்து, பழுப்பேறி, இறகோடு ஒட்டிக்கொள்ளும். குஞ்சு உள்ளே சுற்றிச் சுழன்றுதான் ஓட்டை வட்டமாக வெட்ட முடியும். சுழல முடியாத குஞ்சைக் காத்திருக்க வைப்பதில் எந்தப் பலனும் இல்லை.

இங்கேதான் ஈரம் கைகொடுக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரா, தேங்காய் எண்ணெயா என்று கேட்டால் என் ஓட்டு எண்ணெய்க்கு. பெட்டியின் சூட்டில் தண்ணீர் சீக்கிரம் உலர்ந்துவிடும், எண்ணெய் நிற்கும். மார்கழிக் காலையில் உறைந்திருந்தால் உள்ளங்கையில் தேய்த்து இளக்கிக்கொள்ளுங்கள். பஞ்சுக்குச்சி நுனியில் ஒரே ஒரு சொட்டு, வெளியே தெரியும் சவ்வில் மட்டும். மூக்குத் துளைப் பக்கம் போகவே கூடாது. எண்ணெய் பட்டதும் சவ்வு கண்ணாடி போலத் தெளியும், அதற்குக் கீழே ரத்த நாளங்கள் தெரியும். சிவப்பாக, தடிமனாக இருந்தால் மூடிவைத்துவிட்டுச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

மழைக்காலத்தில் கதை வேறு. முதல் 18 நாளும் ஈரம் அதிகமாகிப்போனால் காற்றறை சிறுத்துவிடும், குஞ்சு நீர் கோத்துப் பருத்து வரும். அதற்கு மேலும் ஈரம் கொடுப்பது கெடுதல். மூக்கருகில் இருக்கும் பிசுபிசுப்பைத் துடைத்து, மூச்சுவிட வழி செய்தால் போதும்.

உரிப்பதற்கு மூன்றும் சேர்ந்து அமைய வேண்டும்: விரிசல் விட்டு 24 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், வெட்டு முன்னேறாமல் நிற்க வேண்டும், நாளங்கள் வற்றியிருக்க வேண்டும். கழுவிய இடுக்கியால் அகன்ற முனைப் பக்கம் மட்டும், குஞ்சு வெட்டியிருக்க வேண்டிய வட்டத்தில், சின்னச் சின்னத் துண்டாக எடுங்கள். ஒரு துளி ரத்தம் வந்தாலும் சுத்தமான பஞ்சை மெதுவாக அழுத்தி நிறுத்திவிட்டு, முட்டையைப் பெட்டிக்குள் திருப்பி வையுங்கள். தலை வெளியே வந்த பிறகும் கீழ் ஓட்டைக் கழற்ற வேண்டாம். அங்கேதான் கொப்பூழ் இருக்கிறது. காலால் உதைத்து அதுவே வரட்டும்.

வந்த பிறகு அவசரம் எதுவும் இல்லை. வயிற்றில் இருக்கும் மஞ்சள் கரு இரண்டு மூன்று நாள் தாங்கும், அதனால் இறகு உலர்ந்து பொசுபொசுவென்று ஆகும்வரை உள்ளேயே இருக்கட்டும். கால் விரிந்துகொண்டு நிற்க முடியாத குஞ்சுக்கு மட்டும் தாமதம் கூடாது. டம்ளருக்குள் நிறுத்திப் பழக்குபவர்கள் உண்டு; என் ஓட்டு பிளாஸ்திரிக்கு. இரண்டு காலையும் உடம்பு அகலத்துக்கு நிறுத்தி, நடுவில் பாலம் போல ஒட்டி, செய்தித்தாளுக்குப் பதில் சொரசொரப்பான துணி விரித்தால், முதல் இரண்டு நாளுக்குள் கட்டியவை பெரும்பாலும் சில நாளில் நேராகிவிடும். கொப்பூழில் காய்ந்த நூல் போல ஏதாவது தொங்கினால் இழுக்காதீர்கள், போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைத் தொட்டுவிடுங்கள். மஞ்சள் கருவே வெளியே பிதுங்கியிருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். ஹெப்பாள் கால்நடைக் கல்லூரிக்கோ, பறவை பார்க்கும் பக்கத்து மருத்துவரிடமோ, வழியில் குளிர் படாதபடி கதகதப்பாகக் கொண்டுபோங்கள்.