ஒன்பதாவதாக வைத்த அணி முதலிடம்: 2022-23 பிக் ஈஸ்ட் கணிப்பை மறுபடி எடுத்துப் பார்த்தால்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் சீசன் தொடங்கும் முன்பே பிக் ஈஸ்ட் லீகின் கோச்சுகள் ஓட்டுப் போட்டு, யாருக்கு எந்த இடம் என்று ஒரு வரிசை வெளியிடுவார்கள். தன் அணிக்குத் தானே ஓட்டுப் போட முடியாது. 2022-ல் வந்த வரிசையில் மார்கெட்டுக்கு ஒன்பதாம் இடம். (சந்தை அல்ல, மில்வாக்கி நகரத்து ஜெசுவிட் பல்கலைக்கழகம்.) பதினொரு அணிகளில் ஒன்பதாவது! அந்த அணிதான் 17 வெற்றி, 3 தோல்வியோடு லீகில் முதலிடம் பிடித்தது. பிறகு நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த சீசன் முடிவுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் சேவியரை 65-51 என்று சாய்த்து லீக் கோப்பையையும் எடுத்துக்கொண்டு போனது.

முடிவு தெரிந்த பிறகு கோச்சுகளைக் கேலி செய்வது சுலபம். அவர்கள் ஓட்டே போடாமல் இருந்திருந்தால் நம்மிடம் என்ன இருந்திருக்கும்? போன வருஷத்துப் பட்டியல் இருந்திருக்கும். 2021-22 முடிவை அப்படியே நகலெடுத்து, 'இதுதான் என் கணிப்பு' என்று நீட்டும் சோம்பேறியை எதிராளியாக நிறுத்துகிறேன்.

மார்கெட்டில் சோம்பேறிக்குத்தான் வெற்றி. பழைய பட்டியலில் அது 11-8 (11 வெற்றி, 8 தோல்வி) என்று சீட்டன் ஹாலோடு ஐந்தாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தது. கோச்சுகள் அதைக் கீழே தள்ளியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதிகப் புள்ளி எடுத்த ஜஸ்டின் லூயிஸ் போய்விட்டார், டாரில் மோர்செலும் போய்விட்டார், அவர்கள் இடத்துக்குப் பெரிய பெயர் எதுவும் வரவில்லை. யார் போனார்கள் என்று சரியாக எண்ணினார்கள். மிச்சம் இருப்பவர்கள் ஒரு வருஷத்தில் எவ்வளவு வளர்வார்கள் என்பதைத்தான் விட்டுவிட்டார்கள். டைலர் கோலெக்கின் புள்ளிச் சராசரி கிட்டத்தட்ட இரட்டிப்பானது. லீகின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. ஒசோ இகோடாரோ, கேம் ஜோன்ஸ் இருவரும் கூடவே எழுந்தார்கள். வெளியிலிருந்து ஆள் பிடிப்பதே வழக்கமாகிவிட்ட காலத்தில் மார்கெட் கோச் ஷாகா ஸ்மார்ட் கையில் இருந்தவர்களை வைத்தே கட்டினார். ஓட்டுப் போடுகிறவர் கண்ணுக்கு அது தெரிவது கஷ்டம்தான்.

சேவியரில் கதை தலைகீழ். பழைய பட்டியலில் 8-11, செயின்ட் ஜான்ஸோடு ஏழாம் இடம். கோச்சுகள் அதை முதல் மூன்றுக்குள் தூக்கி வைத்தார்கள். பழைய கோச் ஷான் மில்லர் திரும்பி வந்திருந்தார், அனுபவமுள்ள ஆட்கள் இருந்தார்கள். முடிவு 15-5, இரண்டாம் இடம். நகலெடுப்பவருக்கு இதைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது.

பிராவிடன்ஸிலும் கோச்சுகள் ஏமாறவில்லை. 2021-22-ல் லீகை வென்ற அணி அது, ஆனால் நெருக்கமான ஆட்டங்களை அடுத்தடுத்து வென்று வந்த முதலிடம். கென்பாம் என்ற புள்ளிவிவரத் தளத்தின் கணக்கில் அந்த வருஷம் அதிர்ஷ்டத்தில் நாட்டிலேயே அவர்கள்தான் முன்னணி. கோச்சுகள் ஐந்தாவதாக இறக்கினார்கள். யூகானும் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) பிராவிடன்ஸும் ஒரே 13-7-ல் நான்காம், ஐந்தாம் இடங்களில் முடித்தன.

வில்லனோவாவில் இருவருக்குமே அடி. முந்தைய வருஷம் இரண்டாம் இடம், கணிப்பிலும் முதல் மூன்றுக்குள். ஆனால் கோச் ஜே ரைட் ஓய்வு பெற்றிருந்தார், வீரர்களில் காலின் கில்லெஸ்பி கிளம்பியிருந்தார், ஜஸ்டின் மூர் குதிகால் தசைநார் அறுந்து கிடந்தார். புதிய கோச் கைல் நெப்டியூன் 10-10-ல் முடித்தார். மார்கெட்டில் போனவர்களை இவ்வளவு கறாராக எண்ணியவர்கள் வில்லனோவாவில் ஏன் எண்ணவில்லை? என் பார்வையில், பெயர்ப்பலகையின் கனம்தான். கணிப்பில் உண்மையான குற்றம் இதுதான். மார்கெட் வெறும் தவறு.

முதலிடத்துக்குச் சொன்ன கிரெய்ட்டன் 14-6, மூன்றாம் இடம். லீகுக்கு வெளியே ஆடியவற்றையும் சேர்த்து ஒரு கட்டத்தில் ஆறு ஆட்டம் வரிசையாகத் தோற்றும் அவ்வளவு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மொத்தத்தில் நான் கோச்சுகள் பக்கம்தான்; கொஞ்சம்தான் வித்தியாசம்.

இந்த விவாதம் வரும்போதெல்லாம் யாராவது யூகானைக் காட்டுவார்கள்: "தேசிய சாம்பியனையே நான்காவதாக வைத்தவர்கள்தானே!" மார்ச்-ஏப்ரலில் நடந்த தேசியப் போட்டியில் யூகான் ஆறு ஆட்டத்தையும் குறைந்தது 13 புள்ளி வித்தியாசத்தில் வென்றது உண்மை. மார்கெட் அதே போட்டியில் இரண்டாம் சுற்றிலேயே மிச்சிகன் ஸ்டேட்டிடம் 69-60 என்று தோற்றது. ஆனால் கோச்சுகளிடம் கேட்டது லீக் வரிசை. அதில் யூகான் நான்காவதுதான்.