எஸ்2000-உம் கார்வெட் இசட்06-உம்: இரண்டையும் வைத்து ஓட்டுபவனின் அனுபவம்

எங்கள் வீடு அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில். 2002 ஹோண்டா எஸ்2000, 2003 கார்வெட் இசட்06 என்ற இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களையும் பல வருடங்களாக மாற்றி மாற்றி ஓட்டி வருகிறேன். ஜப்பான் காரா, அமெரிக்கன் காரா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பெரும்பாலும் எந்த ரோட்டில் ஓட்டப் போகிறீர்கள்?

ஹோண்டாவின் இன்ஜின் வெறும் 1,997 சிசி. ஜப்பானில் ஆண்டு வரி இன்ஜின் அளவைப் பொறுத்தது, 2 லிட்டரைத் தாண்டினால் கூடிவிடும். அந்த அளவுக்குள், டர்போ இல்லாமலே, 8,300 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 8,300 சுற்று) 240 குதிரைத்திறன் எடுத்திருக்கிறார்கள். சுமார் 6,000 வரை சாதுவான கார்தான். அதற்கு மேல் போனதும் ஆயில் அழுத்தம் ஒரு சின்ன பின்னைத் தள்ள, வால்வுகளைக் கூடுதலாகத் திறக்கும் கேம் (வால்வைத் தள்ளித் திறக்கும் மேடான பாகம்) வேலையை எடுத்துக்கொள்ளும். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் விடெக். இன்ஜின் சத்தமே வேறாகிவிடும். டிஜிட்டல் மீட்டரின் கோடு 9,000-ஐ நோக்கி ஏற, மணிக்கட்டை மட்டும் அசைத்து அடுத்த கியரைப் போடலாம். இந்த கியர் லீவருக்காகவே இந்தக் காரை விற்க மனம் வருவதில்லை. ஆனால் இன்ஜின் சூடேறும்வரை விடெக் இயங்காது, அதுவரை பொறுமையாகத்தான் ஓட்ட வேண்டும்.

டென்னசி, வட கரோலினா எல்லையில் டெயில் ஆஃப் த டிராகன் என்றொரு மலைப்பாதை இருக்கிறது. சுமார் 18 கிலோமீட்டரில் 318 வளைவுகள். அங்கே நான் எடுத்துப்போவது ஹோண்டாவைத்தான். சின்ன கார், எடை முன்னும் பின்னும் சரிபாதி, வளைவுக்கு வளைவு கைக்கு வேலை இருக்கும். ஒரு எச்சரிக்கை: 2004-க்கு முந்தைய மாடல்களில் பின்பக்கம் சட்டென்று வழுக்கும். தேய்ந்த டயரோடு மழையில் எடுக்கவே கூடாது.

கார்வெட்டின் புஷ்ராட் வி8-ஐ, அதாவது கேம் கீழே இருந்து நீளக் கம்பிகளால் வால்வுகளைத் தள்ளும் எட்டு சிலிண்டர் இன்ஜினை, பழைய தொழில்நுட்பம் என்று ஒதுக்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரே கேம் ஷாஃப்ட், அதுவும் பிளாக்குக்குள்ளேயே. மேலே கேம் இல்லாததால் 5.7 லிட்டர் இன்ஜினும் உயரம் குறைந்து, தாழ்வான பானட்டுக்குள் அடங்கிவிடுகிறது. கியர்பாக்ஸைப் பின்சக்கரங்களுக்கு நடுவே வைத்து எடையைச் சமன் செய்திருக்கிறார்கள். 405 குதிரைத்திறன் இருந்தும் கார் ஏறக்குறைய 1,400 கிலோதான்.

நெடுஞ்சாலையில் ஆறாவது கியரில் மணிக்கு 100 கிலோமீட்டர் போகும்போது இன்ஜின் 1,500 சொச்சத்தில்தான் சுற்றும். முந்த வேண்டுமென்றால் கியரைக்கூட மாற்ற வேண்டாம், மிதித்தாலே போதும். நாள் முழுக்க ஓட்டினாலும் அலுப்புத் தெரியாது. அதே வேகத்தில் ஹோண்டா சத்தம் போட்டுக்கொண்டே வரும்.

சேகரிக்க என்றால் என் ஓட்டு ஹோண்டாவுக்குத்தான். 2009-இல் தயாரிப்பு நின்றுபோனது. இளைஞர்கள் கையில் மாற்றங்களுக்கு உள்ளானவை ஏராளம் என்பதால், கைவைக்காத வண்டி கிடைப்பது கஷ்டம். அமெரிக்காவில் மட்டும் விற்ற சிஆர் மாடல் மொத்தமே 699. பழைய வண்டி பார்க்கப் போனால் பானட், கதவு, டிக்கி ஒவ்வொன்றிலும் வின் எண் (வண்டியின் அடையாள எண்) ஸ்டிக்கர் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஒன்று இல்லையென்றாலும் அந்தப் பாகம் ஏன் மாற்றப்பட்டது என்று கேட்டுவிடுங்கள்.

நிறைய ஓட்டத்தான் போகிறீர்கள் என்றால் இசட்06 வாங்குங்கள். 2001 மாடலில் 385 குதிரைத்திறன்தான், 405 வேண்டுமானால் 2002-லிருந்து 2004-க்குள் பார்க்க வேண்டும். அப்புறம், 2004 நினைவுப் பதிப்பு இசட்06-இல் பானட் கார்பன் ஃபைபர். அது நல்ல நிலையில் கிடைத்தால் ஓட்டவும் ஆகும், சேர்த்து வைக்கவும் ஆகும்.