படுப்பதா, காரிலேயே இருப்பதா? ராமநாதபுரக் கரையில் பறவையின் கண்ணில் படாமல் படமெடுக்கும் வழிகள்

ராமேசுவரம் தீவிலிருந்து வாலிநோக்கம் வரை கரையோரத்தில் பறவைக்குப் பஞ்சமில்லை, மறைவுக்குத்தான் பஞ்சம். தனுஷ்கோடிப் பக்கத்து நீர்ப்பரப்பில் கோதண்டராமர் கோயில் போன்ற ஒன்றிரண்டை விட்டால் அடுத்த உயரமான பொருள் அங்கே போய் நிற்கிற ஆள்தான். நீண்டு வளைந்த அலகுள்ள கரைப்பறவையான குதிரைமலைக் கோட்டான் அவரை நூறு மீட்டருக்கு அப்பாலேயே பார்த்துவிடும். அது எழுந்தால் பவளக்காலி எழும், பிறகு மொத்தக் கூட்டமும் எழும்.

ஒளிந்திருக்க இங்கே நடைமுறையில் நான்கு வழிகள்: கார், வலையைப் போர்த்திக்கொண்டு தரையில் படுப்பது, மடக்குக் கூடாரம், பனையோலைத் தட்டி. விலையைப் பார்த்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அதிகம். இடத்தையும் பறவையின் அளவையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் எவ்வளவு கிட்டே போகவேண்டும் என்று ஒரு கணக்குப் போடுங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 600 மி.மீ. லென்ஸ் 60 மீட்டர் தூரத்தில் 3.6 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் உயரமும் உள்ள பரப்பைப் பிடிக்கும். பெரிய பூநாரை ஏறக்குறைய 1.4 மீட்டர் உயரம். ஆகவே 60 மீட்டரிலேயே படச்சட்டத்தின் உயரத்தில் பாதிக்கு மேல் நிறைந்துவிடும். பூநாரைக்காகக் கூடாரம் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்குவது வீண் வேலை. கோட்டானுக்கு 20, 25 மீட்டர் வேண்டும். கட்டைவிரல் நீளத்துக்குக் கால் வைத்துக்கொண்டு ஓடித்திரியும் சின்ன உப்புக்கொத்திக்கு 10 மீட்டர். அந்தப் பத்து மீட்டருக்காகத்தான் மறைவு என்ற பேச்சே வருகிறது.

அமெரிக்காவில் வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறவர்கள் 'ட்ரீ சாடில்' என்ற இடுப்புப்பட்டியில் மரத்தோடு பிணைந்து, பதினைந்து இருபது அடி உயரத்தில் தொங்கியபடி காத்திருப்பார்கள். மான் மேலே அண்ணாந்து பார்ப்பது குறைவு, மனித வாடையும் ஓரளவு அதன் தலைக்கு மேலே போய்விடும் என்பது அதன் சூட்சுமம். நம் நாட்டில் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. கேமராவுக்குக்கூட இந்த உத்தி நம் கரையில் உதவாது. கரைப்பறவைக்கு ஆபத்து வருவதே மேலிருந்துதான்: பூனைப்பருந்து, செம்பருந்து, வல்லூறு. அது அடிக்கடி சரிபார்க்கும் திசை வானம். மரத்தின் மேல் இருக்கும் ஆள் அந்தப் பார்வையில் நேராக விழுவார். போதாததற்கு, பனையில் கிளை கிடையாது. கண்மாய்க் கருவேல மரங்களிலோ கூடுகள் இருக்கும், அவற்றில் ஏறுவது குற்றம். இந்த வழியை இத்தோடு விட்டுவிடலாம்.

மானிடம் காட்டிக்கொடுப்பது வாடை. கரைப்பறவையிடம் காட்டிக்கொடுப்பவை உருவக்கோடு, அசைவு, பளபளப்பு மூன்றும்தான், அதுவும் இதே வரிசையில். நிறம் அதற்குப் பிறகுதான் வருகிறது. கால், தோள், தலை என்ற மனித வடிவம் வானத்தின் பின்னணியில் தெரிந்தால் எந்தப் பச்சைச் சட்டையும் காப்பாற்றாது. காற்றும் மனித வாடைக்காக அல்ல, வேறு காரணத்துக்காக முக்கியம். பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் நிற்கும், எதிர்த்துத்தான் இறங்கும். காற்று உங்கள் முதுகில் பட்டால் அவற்றின் முகம் உங்களைப் பார்த்து இருக்கும்.

காரும் தரையும்

தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை வந்தது 2017இல். அதன் பிறகு இந்தக் கரையில் மிக எளிதான மறைவிடம் காரே. பறவை காரை மனிதனோடு சேர்த்துப் பார்ப்பதில்லை, கதவு திறக்கும் வரை. எஞ்சினை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அதிர்வு படத்தில் தெரியும். கண்ணாடியைப் பாதி இறக்கி, அதன் மேல் பயறு நிரப்பிய பையை வைத்து லென்ஸைச் சாய்த்துக்கொள்ளலாம். பலர் விடுகிற இடம் எதிர்ப்பக்க ஜன்னல். அது திறந்திருந்தால் உங்கள் தலை வெளிச்சத்துக்கு முன்னால் கறுப்பு நிழலாக ஆடும். ஒரு கறுப்புத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டால் போதும்.

காரின் குறை கோணம். ஜன்னல் உயரம் சுமார் 1.2 மீட்டர். பறவை 20 மீட்டரில் இருந்தால் சாய்வு மூன்றரை டிகிரிதான், படத்தில் பெரிதாகத் தெரியாது. அதே பறவை எட்டு மீட்டருக்கு வந்தால் எட்டரை டிகிரி ஆகிவிடும், முதுகைப் பார்க்கிற படம்தான் கிடைக்கும். சாலை மேட்டின் உயரம் இதில் சேராது. உயரமான வண்டியானால் இன்னும் மோசம். தவிர, காலை எட்டு மணிக்கு மேல் சுற்றுலா வேன்கள் வரத் தொடங்கினால் சாலையோரத்தில் எதுவும் மிஞ்சாது.

தரையில் படுப்பது இதற்கு நேர் எதிர். உழைப்பு அதிகம், படம் வேறு தரம். லென்ஸ் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தால் உப்புக்கொத்தியின் கண்ணும் உங்கள் கண்ணும் ஒரே மட்டத்தில் வரும், பின்னணி முழுக்கக் கரைந்துபோகும். மறைவிலும் இதுவே சிறந்தது. தாழப் படுத்த உடம்புக்கு உருவக்கோடு கிடையாது.

வேண்டியவை கொஞ்சம்தான். பத்து மி.மீ. தடிமனுள்ள ஃபோம் விரிப்பு, அதன் அடியில் தார்பாய், முழங்கைக்குப் பட்டை. லென்ஸுக்கு அடியில் தட்டையான பிளாஸ்டிக் பேசின் ஒன்று. அதன் நடுவில் துளையிட்டு 3/8 அங்குல போல்ட்டில், கேமராவைத் தாங்கித் திருப்பும் பால்ஹெட்டை முடுக்கினால் சேற்றில் வழுக்கிக்கொண்டே நகரும். முக்காலியைவிட இது எவ்வளவோ மேல்.

போர்த்த மூன்றுக்கு இரண்டு மீட்டர் வலை போதும். கடையில் விற்கும் பச்சை இலை வலை கொடைக்கானலுக்குச் சரி. இங்கே மணலும் காய்ந்த சேறும்தான் பின்னணி. மண்டபத்திலோ பாம்பனிலோ கழித்துப்போட்ட நூல் வலையை வாங்கி, சணல் சாக்கை இரண்டு விரல் அகலப் பட்டைகளாகக் கிழித்து, கண்ணிக்குக் கண்ணி ஒழுங்கில்லாமல் முடிச்சுப் போடுங்கள். ஒற்றை நைலான் இழையில் பின்னிய நரம்பு வலை வேண்டாம், வெயிலில் மின்னும். ஓர் எச்சரிக்கை: இந்த வலையைத் துண்டாகக்கூடக் கரையில் விட்டுவிட்டு வரக்கூடாது. பறவைக் காலும் ஆமைக் கழுத்தும் அதில்தான் மாட்டும். துணியைத் துவைக்கும்போது வெண்மையூட்டி கலந்த சோப்புத்தூளையும் தவிர்க்கவும். காக்கியைக்கூட அது வெளுப்பாகப் பிரகாசிக்க வைத்துவிடும்.

ஊர்ந்து போவதைவிடப் பறவை உங்களிடம் வருவதற்குக் காத்திருப்பது நல்லது. நீர் ஏறும்போது பறவைகள் மேட்டை நோக்கி ஒதுங்கும். அதற்கு முன்பே போய்ப் படுத்துவிட்டால் அவையே கிட்டே வரும். சிக்கல் என்னவென்றால் இந்தக் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மற்ற நாட்களில் காற்றுதான் நீரைத் தள்ளுகிறது. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஆண்கடலான மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று தொடங்கியதும் பெண்கடலான பாக் விரிகுடாப் பக்கத்துக்கு அந்த முறை வரும். வலசைப் பறவை வருவது வாடைக் காலத்தில் என்பதால், அக்டோபர் முதல் மார்ச் வரை வெறும் அட்டவணையை நம்பாமல் முந்தின நாள் அதே நேரத்தில் நீர் எதுவரை வந்தது என்று மீனவர்களிடம் கேட்டுக்கொள்வது உத்தமம்.

போய்ச் சேருவதில்தான் பெரும்பாலான முயற்சிகள் கெடுகின்றன. பறவையை நோக்கி நேராக நகராதீர்கள், பக்கவாட்டில் சாய்ந்து போங்கள். ஒரு தலை நிமிர்ந்தால் நில்லுங்கள், அது மறுபடி சேற்றில் அலகை வைக்கும்வரை. இரண்டு மூன்று தலைகள் ஒருசேர நிமிர்ந்துவிட்டால் ஒரு மீட்டர் பின்வாங்குங்கள். ஆள்காட்டி கத்தத் தொடங்கிவிட்டால் அங்கேயே அசையாமல் கிடப்பதைத் தவிர வழியில்லை. பெயருக்கு ஏற்றபடிதான் நடந்துகொள்ளும், எல்லாருக்கும் சொல்லிவிட்டுத்தான் ஓயும்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை இந்த முறையை அடியோடு நிறுத்துங்கள். உப்புக்கொத்தியும் சின்ன ஆலாவும் அந்தச் சமயத்தில் வெறும் மணலில் முட்டையிடும். தாய் எழுந்துபோன பத்து நிமிட வெயில் முட்டையைக் கெடுத்துவிடக்கூடும். சட்டமும் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதை வேட்டை என்றே எழுதி வைத்திருக்கிறது.

கூடாரமும் ஓலைத் தட்டியும்

மடக்குக் கூடாரத்தைப் பற்றி விளம்பரங்கள் சொல்வது பெரும்பாலும் காட்டுக்குள் உண்மை. அடி ஒன்றரை மீட்டர் சதுரம், உயரமும் ஏறக்குறைய அவ்வளவு. உட்கார்ந்து டீ குடிக்கலாம், கையை ஆட்டலாம், தண்ணீர் பாட்டிலைத் திறக்கலாம். அசைவு வெளியே தெரியாது. இந்த ஒன்றுக்காகவே பலர் அதை விரும்புகிறார்கள்.

திறந்த கரையில் அதன் எதிரி காற்று. மணலில் இரும்பு முளை நிற்காது. நான்கு அரிசிச் சாக்கில் மணல் நிரப்பி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து, அவற்றில் கயிறு கட்ட வேண்டும். அப்படியும் துணி படபடக்கும், அந்தப் படபடப்பு மனிதனைவிட மோசமாகப் பறவையை விரட்டும். பத்து மணிக்குள் உள்ளே வெந்துபோகும். உப்புக்காற்றில் உலோக ஜிப் ஒரே பருவத்தில் இறுகிவிடும். நைலான் ஜிப்பாகப் பார்த்து வாங்கி, மெழுகுவர்த்தியைத் தேய்த்து வைக்கவும். பின்பக்க ஜன்னல்களை மூடியே வைக்க வேண்டும், காரில் சொன்ன அதே காரணம்தான். எல்லாம் சரியாகச் செய்தாலும், நேற்று இல்லாத ஒரு மேடு இன்று காலை சமவெளியில் முளைத்திருந்தால் கோட்டான் அதற்கு அருகில் வராது.

ஓலைத் தட்டி அங்கேதான் ஜெயிக்கிறது. ஆறடிக்கு நான்கடித் தட்டிகள் மூன்று, சீமைக்கருவேல் கம்புகள் எட்டு, கொஞ்சம் கயிறு. உள்ளூரில் வேலி அடைக்கிற யாரும் அரை நாளில் முடித்துத் தருவார்கள். ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. முதல் நாள் கம்பு மட்டும். இரண்டு நாள் கழித்து இடுப்பளவு தட்டி. பிறகு முழு உயரம். ஒரு வாரத்தில் பறவைக்கு அது நிலத்தின் ஒரு பகுதியாகிவிடும். காய்ந்த ஓலை சலசலக்குமே என்று கேட்கலாம். பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்பது இந்த மாவட்டத்துப் பறவைக்கும் பொருந்தும். அவை கேட்டு வளர்ந்த சத்தம் அது. துணியின் படபடப்பு அப்படியல்ல.

துளை ஒன்று முழங்கால் உயரத்தில், ஒன்று உட்காரும் உயரத்தில். லென்ஸ் நுழையும் அளவுக்கு மேல் வேண்டாம். லென்ஸின் முன்கண்ணாடி ஓலைக்கு உள்ளேயே இருக்கட்டும். வெளியே நீட்டினால் அது திரும்புகிற ஒவ்வொரு முறையும் ஒரு கண் திரும்புவது போலத் தெரியும். லென்ஸ் முகப்பில் நிழல் தரும் ஹுட் இல்லாமல் போவது கண்ணாடியைக் காட்டிச் சைகை செய்வதற்குச் சமம்.

தட்டியின் குறை, தூக்கிக்கொண்டு போக முடியாது. பறவை இடம் மாற்றினால் அது வெறும் வேலி. அதனால் நீர் நிலையாக நிற்கும் இடத்துக்கு மட்டும் பொருத்தம்: சொந்த நிலத்து ஊருணி, தனியார் உப்பளப் பாத்தி, அனுமதி தரும் இறால் பண்ணை ஓரம். வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களில் ஒரு விசித்திரம் உண்டு. வரப்பில் நடக்கிற தொழிலாளியை நெடுங்கால் உள்ளான் சட்டை செய்யாது, நடப்பவர் நின்றால் எழுந்துவிடும். ஆகவே நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டு, தொழிலாளர் ஒருவரோடு சேர்ந்து நடந்து போய்த் தட்டிக்குள் நீங்கள் நுழைய, அவர் நிற்காமல் நடந்துபோகட்டும். கூட்டம் போகிறவரைத்தான் பார்க்கும்.

எங்கே எது

தனுஷ்கோடிச் சாலைக்குக் கார். மறுபேச்சில்லை. அங்கே 524.7 ஹெக்டேர் 2025இல் பெரிய பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டதால், சாலையை விட்டு இறங்கிப் படுப்பதற்கும் கூடாரம் போடுவதற்கும் வனத்துறை அனுமதி வேண்டும். வளைகுடாத் தீவுகளில் நண்டுதின்னிப் பறவை இருக்கிறது என்று படகு பேசாதீர்கள். அவை கடல்சார் தேசியப் பூங்கா, அனுமதியின்றி இறங்கக் கூடாது. சரணாலயத்துக்கு வெளியே உள்ள சேற்றுத் திட்டுகளுக்கு வலையும் பேசினும்.

சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை ஆகிய நான்கு பறவைச் சரணாலயங்களும் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் உள்ளவை. மழை நன்றாகப் பெய்த வருடம் சங்குவளை நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் வரும். நீர் நின்றால்தான் பறவை, இல்லாவிட்டால் கருவேலங்காடுதான். இங்கே நான்கு மறைவு வழிகளில் எதுவும் தேவைப்படாது. கரை மேட்டில் கருவேல நிழலில் மரத்தோடு ஒட்டி உட்கார்ந்தாலே போதும். கூடு கட்டும் பறவையை நெருங்குவதற்கென்று தனி மறைவு அமைப்பது தவறான யோசனை. அனுமதி பற்றிய விவரத்தை ராமநாதபுரத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் கேட்கலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இது எல்லைக் கடற்கரை. உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமான தளம் இருக்கிறது, கடலோரக் காவல் ரோந்தும் ஓய்வதில்லை. ராணுவச் சீருடைக் கோலத்தில், நீளமான குழாய் ஒன்றோடு, மணலில் புதைந்து கிடக்கிற ஆளை அவர்கள் பறவை ஆர்வலர் என்று முதலில் நினைக்கமாட்டார்கள். ராணுவ வடிவத் துணியைத் தவிர்த்து வெறும் காக்கியோ சாக்கு நிறமோ போடுங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும், அருகிலுள்ள கடலோரக் காவல் நிலையத்தில் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

வெளியேறுவதற்கும் முறை உண்டு. பறவை தானாக நகரும்வரை எழக்கூடாது. தட்டியானால் முன்பு கொண்டுபோய் விட்டவரே மறுபடி வரப்பில் நடந்து வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போகட்டும். வலைக்கடியில் இருந்தால், நீர் விரிப்பைத் தொடுவதற்கு முன்பே படுத்தபடி பின்னோக்கி நகரத் தொடங்க வேண்டும். நீர் சூழ்ந்த பிறகு எழுந்து நிற்பதைத் தவிர வேறு வழி இருக்காது. அப்படி எழுந்து நின்ற திட்டுக்கு மறுநாள் காலை வேறு யாரும் போய்ப் பயனில்லை.