கோவை வெயிலில் உல்லன் கையிருப்பு: நான்காண்டுக் கணக்கு

கோயம்புத்தூர்க் கடைகளில் உல்லன் என்று கேட்டால் கையில் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை இழை நூல்தான்; லேபிளைத் திருப்பிப் பார்த்தால் லூதியானா முகவரி இருக்கும். கிழக்கே பேருந்தில் ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரும் திருப்பூரில் கிலோக் கணக்கில் கிடைப்பதோ பனியன் துணிக்கான மெல்லிய பருத்திக் கோன், அதாவது கூம்பு வடிவில் சுற்றிய நூல். முன்னது கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாவுக்கும் கைப்பின்னலுக்கும் ஏற்ற தடிமனில் வருகிறது, ஆனால் அதில் பின்னியதைப் போட்டுக்கொள்ளும் குளிர் இங்கே ஆண்டில் சில வாரங்கள்கூட இல்லை. பின்னது நம் வெயிலுக்கு ஏற்றது, ஆனால் கோனிலிருந்து வரும் ஒற்றை இழையை ஊசியில் வைத்தால் தையல் நூல் போல இருக்கும். இரண்டும் விலை மலிவு என்பதால் வாங்குவது எளிதாகவும் தீர்ப்பது கடினமாகவும் ஆகிவிடுகிறது. என் அலமாரியில் இப்படிச் சேர்ந்திருந்த ஏறக்குறைய 14 கிலோ நூலை நான்காண்டுகளுக்கு மேலாகப் படிப்படியாகக் குறைத்து, இப்போது 5 கிலோவுக்குள் கொண்டுவந்திருக்கிறேன். அதற்காகப் பயன்படுத்திய முறைகளில் எவை நூலைத் தீர்த்தன, எவை நேரத்தை மட்டும் தீர்த்தன என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் உதவியது ஊசியல்ல, ஒரு கிராம் வேறுபாட்டையும் காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு. கையிருப்பை உருண்டைகளாக எண்ணுவதில் பொருளில்லை. பாதி தீர்ந்த உருண்டையும் ஓர் உருண்டைதான். எடைகூட ஓரளவுக்கே உதவும். தேவையானது மீட்டர். லேபிளில் 50 கிராமுக்கு 125 மீட்டர் என்று போட்டிருக்கும் நூலில் 18 கிராம் மீதமிருந்தால் 45 மீட்டர் இருக்கிறது என்று பொருள். ஒரு குழந்தைத் தொப்பிக்குப் போதுமா, இரண்டு நிறக் கோடுகளுக்குத்தான் போதுமா என்பதை அந்த எண் உடனே சொல்லிவிடும். இப்படி ஒவ்வொன்றையும் நிறுத்து, இழைவகை, தடிமன், மீட்டர் ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். 2007-இல் தொடங்கப்பட்ட, பின்னல்காரர்களுக்கான ராவல்ரி இணையத் தளத்தில் கையிருப்பைப் பதிவு செய்வதற்கான பகுதி உண்டு. கைவசமுள்ள மீட்டருக்குள் அடங்கும் மாதிரிகளை மட்டும் தேடிப் பார்க்கவும் முடியும். தேடுவதற்கு அதை நான் விரும்புகிறேன் என்றாலும், நூலை எடுக்கும்போதே குறைத்து எழுதுவதற்கு அலமாரிக் கதவில் கயிறு கட்டித் தொங்கும் நோட்டுக்கு ஈடில்லை.

லேபிள் தொலைந்த நூல்களுக்கு இரண்டு சோதனைகள் போதும். தடிமனுக்கு, ஒரு மர ஸ்கேலின் மேல் நூலை இழுக்காமல், இடைவெளி விடாமல் சுற்றி, ஓர் அங்குலத்தில் எத்தனை சுற்று அடங்குகிறது என்று பார்க்கலாம். ப்ளை என்பது நூலின் தடிமனைச் சொல்லும் எண்; 8 ப்ளை ஏறத்தாழ 11 சுற்றிலும், 4 ப்ளை 14 சுற்றிலும் அதற்கு மேலும் நிற்கும். இழைவகைக்கு, ஒரு சிறு துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர் நிறைந்த கிண்ணத்தின் மேல் தீயில் காட்ட வேண்டும். பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். அசல் கம்பளி மயிர் கருகிய நாற்றம் தந்து, தீயை எடுத்ததும் தானே அணையும். அக்ரிலிக் உருகி, ஆறியபின் கறுப்பாக, விரலில் நசுங்காத கட்டியாகிவிடும். கலப்பு நூல்களில் இந்தச் சோதனை தெளிவாகத் தெரியாது. ஆனால் நம் கடைகளில் வாங்கிய பழைய உருண்டைகளில் பெரும்பகுதியைப் பிரித்துவிட இது போதும். பிரிக்காமல் எதையும் தொடங்கக் கூடாது என்பதே என் கருத்து, ஏனெனில் பருத்தியையும் அக்ரிலிக்கையும் ஒரே போர்வையில் கலந்தால் முதல் துவைப்பிலேயே பருத்திக் கட்டங்கள் சுருங்கி, பக்கத்துக் கட்டங்கள் புடைத்து நிற்கும்.

புதிய நூல் வாங்குவதையே நிறுத்திவிடுவது என்ற விரதத்தைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஒரு போர்வையின் இணைப்பு வரிக்கு வெள்ளை நூல் குறையும்போது, 100 கிராம் வெள்ளை வாங்கினால் 800 கிராம் துண்டு நூல் தீர்ந்துவிடும் என்றால், வாங்குவதே கையிருப்பைக் குறைக்கும் வழி. ஆகவே தடைக்குப் பதிலாக, எடை எழுதிய நோட்டில் வெளியே போனது உள்ளே வந்ததைப் போல இருமடங்காவது இருக்க வேண்டும் என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டேன். அது இன்றுவரை நடைமுறையில் இருக்கிறது.

எடையில் உண்மையான குறைவைத் தந்தது போர்வைதான். 8 ப்ளை நூலில் 4 மி.மீ. குரோஷா ஊசியால் பின்னும் 120-க்கு 150 செ.மீ. அளவுள்ள கட்டப் போர்வை முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை விழுங்கிவிடும். 4 ப்ளை பேபி உல்லனை இரட்டை இழையாகச் சேர்த்துப் பிடித்தால் அதுவும் ஏறத்தாழ 8 ப்ளைத் தடிமனுக்கு வந்து இதே வேலைக்கு உதவும். இரண்டு வெவ்வேறு நிறங்களை இப்படிச் சேர்க்கும்போது தனியாகப் பார்த்தால் கண்ணைக் குத்தும் நிறங்கள்கூட ஒன்றையொன்று அடக்கிக்கொள்வதால், யாருக்கும் பிடிக்காத மாம்பழ மஞ்சளும் ஆரஞ்சும் முதலில் தீர்ந்தது இந்த வழியில்தான்.

கட்டப் போர்வையில் பலர் கவனிக்காத ஒரு கணக்கு உண்டு. நடுவிலிருந்து தொடங்கிச் சுற்றுச் சுற்றாக வளரும் சதுரத்தில், இரண்டாம் சுற்று முதல் சுற்றைப் போல இருமடங்கு, மூன்றாவது மும்மடங்கு என்ற விகிதத்தில் நூல் எடுக்கும். ஐந்து சுற்றுச் சதுரத்தில் மொத்தம் 15 பங்கு என்றால் கடைசிச் சுற்று மட்டும் 5 பங்கு, அதாவது மூன்றில் ஒரு பகுதி. எல்லாச் சதுரங்களுக்கும் கடைசிச் சுற்றை ஒரே நிறத்தில் பின்னி இணைப்பதுதான் துண்டு நூல் போர்வையை ஒழுங்காகக் காட்டும் உத்தி என்பதால், 900 கிராம் போர்வைக்கு அந்த ஒரு நிறம் மட்டும் 300 கிராமுக்கு மேல் வேண்டும். இணைப்புக்கும் கரைக்கும் இன்னும் கொஞ்சம் வேண்டும். கையிருப்பில் எந்த நிறம் மிக அதிகமாக இருக்கிறதோ அதையே கடைசிச் சுற்றுக்கு ஒதுக்கிவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது. ஒரே நிறத்தின் உருண்டைகள் வெவ்வேறு சாய லாட்டில், அதாவது வெவ்வேறு முறை சாயமேற்றிய தொகுதிகளில், வந்திருந்தால், ஒரு சதுரம் விட்டு ஒரு சதுரமாகக் கலந்து பின்னினால் வேறுபாடு தெரியாது.

கோயம்புத்தூரில் இத்தனை போர்வைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. ஏ.சி. அறைக்கு மெல்லிய போர்வை இரண்டு, இரவு ரயில் பயணத்துக்கு ஒன்று என்பதற்கு மேல் ஒரு வீட்டுக்குத் தேவையில்லை. எனக்குக் கைகொடுத்தது நீலகிரி. குன்னூரிலும் ஊட்டியிலும் இருக்கும் உறவினர்களுக்கு அக்ரிலிக் போர்வை ஆண்டு முழுதும் பயன்படும் பொருள்; கம்பளியை விட எளிதாகத் துவைக்கலாம், மூடுபனி நாட்களிலும் சீக்கிரம் உலரும், பூச்சி அரிக்காது. மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் என்ற குழு 2016 ஜனவரியில் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் குரோஷாப் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தபோது, பல ஊர்களில் பின்னப்பட்ட துண்டுகள் ஒன்றாக இணைக்கப்பட்டு, பிறகு பிரிக்கப்பட்டுத் தேவைப்பட்டவர்களுக்கு வழங்கப்பட்டன. யாருக்குப் போகும் என்பது முன்பே தெரிந்திருந்தால் போர்வை பின்னுவதில் சலிப்பு வராது என்பதை என் சிறிய அளவில் நானும் உணர்ந்திருக்கிறேன். முதியோர் இல்லங்களுக்குக் கொடுப்பதானால் நிறமும் அளவும் கேட்டுக்கொண்டு பின்னுவதே மரியாதை. சில இல்லங்கள் இயந்திரத்தில் துவைக்கக் கூடியதை மட்டுமே ஏற்றுக்கொள்கின்றன.

துண்டு நூல்களை இணைக்கும் முறையிலும் தேர்வு தேவை. இரண்டு நுனிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக முடிச்சிட்டு இழுத்து ஒட்ட வெட்டிவிடும் மாய முடிச்சு அக்ரிலிக்கில் நன்றாக நிற்கிறது. பளபளப்பான மெர்சரைஸ்டு பருத்தியில் காலப்போக்கில் நழுவுகிறது. ஊசியால் நூலின் நுனியை அதன் உடம்புக்குள்ளேயே செலுத்தி இணைக்கும் ரஷ்ய முறை எல்லா நூலுக்கும் பொருந்தும், ஆனால் பொறுமை வேண்டும். ஈரப்படுத்தி உள்ளங்கையில் தேய்த்து ஒட்டவைக்கும் முறை துவைக்கையில் இழைகள் ஒன்றோடொன்று பிணையாதிருக்கப் பதப்படுத்திய கம்பளிக்கு உதவாது, அப்படிப் பதப்படுத்தாத கம்பளிக்கு மட்டுமே உரியது. ஓய்வு நேரத்தில் எல்லாத் துண்டுகளையும் மாய முடிச்சால் இணைத்து ஒரே பெரிய உருண்டையாகச் சுற்றி வைத்துக்கொண்டால், பின்னும்போது நூல் தேட வேண்டியதில்லை, நுனிகளைச் செருகும் வேலையும் இல்லை. போர்வைக்கும் மிதியடிக்கும் இதுவே சிறந்தது. உடம்பில் உரசும் உடுப்புக்கு முடிச்சுகள் உறுத்தும்.

சிறிய பொருட்களைப் பற்றி என் மதிப்பீடு பொதுக் கருத்துக்கு மாறானது. பொம்மை, கோப்பைத் தட்டு, சாவிக் கொத்து ஆகியவற்றைத்தான் கையிருப்பைக் கரைக்கும் வழியாக எல்லோரும் காட்டுகிறார்கள். உள்ளங்கை அளவு பொம்மை ஒன்று இரண்டு மாலைப் பொழுதுகளை எடுத்துக்கொண்டு 30 அல்லது 40 கிராமைத்தான் தீர்க்கும். அதற்குக் கண்ணும் பஞ்சும் புதிதாக வாங்க வேண்டியிருக்கும். கணக்கில் இது இழப்பு. விதிவிலக்கு ஒன்று உண்டு, அது சுருக்குப் பை. நவராத்திரிக் கொலுவுக்கு வருபவர்களிடம் தாம்பூலத்தைப் பிளாஸ்டிக் பையில் கொடுப்பதற்குப் பதிலாக, 50 கிராம் பருத்திக் கண்டில் இரண்டு வீதம் சுருக்குப் பைகளை ஆடி மாதத்திலிருந்தே பின்னிச் சேர்த்தால், ஒரு பருவத்தில் ஒரு கிலோ வரை நூல் வீட்டைவிட்டு வெளியேறிவிடும். எல்லாம் ஒரே மாதிரி என்பதால் கை தானாக ஓடும். வாங்கிப்போனவர்கள் அதைச் சில்லறைக்கும் மாத்திரைக்கும் பயன்படுத்துவதைப் பிறகு பார்க்கலாம்.

சமையலறைப் பொருட்களில் இழைவகையைக் கவனிக்காமல் இறங்குவது ஆபத்து. சூடான பாத்திரம் பிடிக்கும் துணியை அக்ரிலிக்கில் பின்னவே கூடாது, அது கையிலேயே உருகி ஒட்டும். பருத்தியை இரட்டையாகப் பின்ன வேண்டும். அக்ரிலிக்கில் பாத்திரம் தேய்க்கும் வட்டங்கள் பின்னுவது ஜப்பானில் பரவலான வழக்கம், அவை எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகவே எடுக்கின்றன. ஆயினும் தேயத் தேயப் பிளாஸ்டிக் இழைகள் சாக்கடைக்குப் போவதை நினைத்து நான் அதைத் தொடரவில்லை.

திருப்பூர்க் கோன்களுக்கு வருகிறேன். பருத்தி நூலின் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் (நூல் கட்டுகள்) எத்தனை இருக்கின்றன என்ற கணக்கு. நம்பர் கூடக் கூட நூல் மெலியும். 20-ஆம் நம்பர் ஒற்றை இழையில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 34 மீட்டர் இருக்கும். எட்டு இழைகளைச் சேர்த்தால் 100 கிராமுக்குச் சுமார் 420 மீட்டர் என்று 4 ப்ளையை ஒட்டியும், பதினாறு இழைகளைச் சேர்த்தால் சுமார் 210 மீட்டர் என்று 8 ப்ளையை ஒட்டியும் வரும். ஒரே கோனிலிருந்து எட்டு இழை எடுக்க, தராசில் நிறுத்து நான்கு சம உருண்டைகளாகச் சுற்றி, ஒவ்வொன்றிலும் உள் நுனியையும் வெளி நுனியையும் ஒருசேர இழுத்தால் போதும். பனியன் நூலில் இயந்திரத்துக்காக மெழுகு பூசியிருப்பார்கள். மேலும் சாயம் ஏற்றாத பருத்தி கணிசமாகச் சுருங்கும். அதனால் முதலில் ஒரு சிறு சதுரம் பின்னி, வெந்நீரில் துவைத்து அளந்த பிறகே சட்டைக்கும் மேலாடைக்கும் கண்ணிக் கணக்குப் போட வேண்டும். இந்த உழைப்புக்குப் பிறகு கிடைக்கும் துணி நம் வெயிலில் உண்மையாகவே உடுத்தக் கூடியது. கையிருப்பில் நான் மனமுவந்து பயன்படுத்தித் தீர்த்தது இதை மட்டுமே.

தீரும்வரை நூலைக் காப்பதும் ஒரு வேலை. கம்பளியையும் பட்டையும் அந்துப்பூச்சியின் புழு அரிக்கும், அக்ரிலிக்கை அரிக்காது. ஆகவே அந்துருண்டையும் காய்ந்த வேப்பிலையும் கம்பளிப் பெட்டிக்கு மட்டும் போதும். பருத்திக்கு எதிரி ஐப்பசி மழையின் ஈரம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு மூடினால் பூஞ்சைப் புள்ளி வரும், அது பெரும்பாலும் போவதில்லை. பழைய வேட்டித் துணியில் தைத்த பைகளில் வைத்து, மழைக்காலம் முடிந்ததும் நிழலில் ஒரு நாள் விரித்துவிடுகிறேன்.

கொடுத்துத் தீர்ப்பதில் ஒரு முறை நன்றாகப் பலித்தது. கலந்துகட்டிய மூட்டையாகக் கொடுத்தால் வாங்கியவர் அலமாரியில் அது அப்படியே தூங்கும். ஒரே தடிமனில் பொருந்தும் மூன்று நிறங்களும், அதற்கேற்ற ஊசி ஒன்றும், பின்னக்கூடிய ஒரு பொருளின் செய்முறையும் எழுதிச் சேர்த்துக் கொடுத்தால், பழகத் தொடங்கும் பெண்கள் உடனே பின்னிவிடுகிறார்கள்.

இப்போது மீதமிருப்பவை, பின்னலின் கண்ணி எங்கே இருக்கிறது என்றே தெரியாத, முடி போல் சிலிர்த்த ரோம நூல்களும், ஊசியைக் கடிக்கும் ஜரிகை நூல்களும், இரண்டு மீட்டருக்குக் குறைந்த துண்டுகளும். துண்டுகளைப் பொம்மைக்குள் பஞ்சோடு கலந்து அடைக்கலாம். தலையணைக்கு உதவாது, கட்டி கட்டியாகிவிடும். ரோம நூலை வேறொரு சாதாரண நூலோடு சேர்த்துப் பிடித்து மிதியடியின் கரையாகப் பின்னிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். துடைப்பத்தால் பெருக்கும்போது முடி உதிர்கிறது, மற்றபடி பரவாயில்லை.