மிக்ஸிக்கு முன்னால் ஏஎன்சி ஹெட்போன் எடுபடுமா?

ஏஎன்சி என்றால் வெளி இரைச்சலை எதிர் அலையால் அடக்கும் வசதி. விமானத்துக்கென்று வாங்கும் இந்தச் சாமான் வீட்டு இரைச்சலுக்கும் உதவுமா? பாதிக்குத்தான். காதை முழுக்க மூடும் ரகத்தை வைத்துச் சொல்வது இது.

ஃபிரிட்ஜ், ஏசி, எக்ஸாஸ்ட் ஃபேன் மூன்றுக்கும் தாராளமாக மார்க் போடலாம். இன்வெர்ட்டர் இல்லாத கம்ப்ரசரின் உறுமல் 100 ஹெர்ட்ஸை (வினாடிக்கு 100 அதிர்வு) ஒட்டி ஒரே சீராக நிற்கும். ஹெட்போனின் மைக் அதைப் பிடித்து எதிர் அலையை விட்டதும் சட்டென்று அடங்கிவிடுகிறது.

மிக்ஸியிடம் பருப்பு வேகவில்லை. நிமிடத்துக்கு 18,000 சுற்று என்றால் வினாடிக்கு 300. நாலு முனை பிளேடு அதை 1,200 ஹெர்ட்ஸ் அலறலாக்குகிறது. 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் ஏஎன்சி கை விரித்துவிடும். அங்கே காப்பாற்றுவது காது மெத்தைதான். அதைவிட மிக்ஸிக்கு அடியில் தடித்த ரப்பர் ஷீட் போட்டு, சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். கடகட சத்தம் வந்தால் ஜார் அடியில் கப்ளர் தேய்ந்திருக்கிறதா பாருங்கள். சில்லறைச் செலவுதான்.

வாஷிங் மெஷின் 1,200 சுற்றில் பிழியும்போது வருவது 20 ஹெர்ட்ஸ் அதிர்வு. தரை வழியாக உடம்புக்கு ஏறுவதை ஹெட்போன் என்ன செய்யும்? கொண்டுவரும்போது டிரம் ஆடாமல் பிடித்திருக்கும் டிரான்சிட் போல்ட்டுகளைக் கழற்றினார்களா, நாலு காலும் மட்டமாக நிற்கிறதா என்று பாருங்கள்.

நம் வீடுகளில் பெரிய எதிரி சீலிங் ஃபேன். நேர் கீழே உட்கார்ந்தால் காற்று வெளி மைக்கில் மோதி, இல்லாத இரைச்சலைக் காதுக்குள் கொண்டுவரும். தள்ளி உட்காருங்கள், அல்லது ஹெட்போனின் மொபைல் ஆப்பில் காற்றுச் சத்தம் குறைக்கும் வசதியைப் போடுங்கள். மூக்குக்கண்ணாடியின் காம்பு தடித்திருந்தால் மெத்தை சரியாகப் படியாது. அந்த இடுக்கில் முதலில் நுழைவதும் ஃபிரிட்ஜ், ஏசி போன்றவற்றின் தாழ்ந்த உறுமல்தான். கடையில் கண்ணாடியோடு போட்டுப் பார்த்தே வாங்குங்கள். வியர்வையில் மெத்தைத் தோல் உரியும், தனியே மாற்று கிடைக்கிறதா என்றும் கேளுங்கள்.

எதிர் அலை விடும் ஸ்பீக்கர் வைத்து அடுப்படியையே அமைதியாக்கலாமே என்றால், அமைதி கிடைக்கும் வட்டம் அலைநீளத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். 100 ஹெர்ட்ஸுக்கு 34 செ.மீ.; 1,000 ஹெர்ட்ஸுக்கு வெறும் 3.4, தலையைத் திருப்பினால் போச்சு. எதிர் அலையால் சத்தத்தை அடக்கும் யோசனைக்கு 1936-ல் ஜெர்மானியரான பால் லூக் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையில் குழாய் வருவதும் இதனால்தான். குழாய்க்குள் சத்தம் ஒரே திசையில் போகும்.

குக்கர் வைத்திருக்கும்போது வெளிச்சத்தத்தை உள்ளே விடும் மோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். விசில் எண்ண வேண்டுமே.